யுத்தம் வருமா, வராதா?

வருஷப் பிறப்பன்று கோயில் மண்டபத்தில் பஞ்சாங்கம் வாசிக்கக் கேட்டவர்களுக்குத் தெரியும். இந்த வருஷத்துக்கு ராஜா இன்ன கிரகம், மந்திரி இன்ன கிரகம், சேனாதிபதி இன்ன கிரகம் என்று சாஸ்திரிகள் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவார். எத்தனை மரக்கால் மழை, அதில் சமுத்திரத்துக்கு எவ்வளவு, மலைக்கு எவ்வளவு, பூமிக்கு எவ்வளவு என்ற கணக்கும் வரும். நடுவிலே 'அரசர்களுக்குள் யுத்த பயம்' என்று ஒரு வரி. நீர்மோரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கூட்டம் மழைக் கணக்குக்குத்தான் காதைத் தீட்டிக்கொள்ளும். யுத்த பயத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

எந்த அரசர், எந்த மாதம் என்று சொல்லாத காரணத்தினால் அந்த வரி ஒரு வருஷமும் பொய்த்துப் போனதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெரிய ராஜ்யங்களில் இதே காரியத்துக்காகவே ஆபீசுகள் இருக்கின்றன. அடுத்த தேசத்துக்காரன் நம் மேல் படையெடுத்து வருவானா, வந்தால் எப்போது வருவான் என்று சொல்வதுதான் அங்கே உத்தியோகம். பாவம், அவர்களுக்குச் சாஸ்திரிகளுக்கு உள்ள சௌகரியம் இல்லை. மாதம், தேதி, முடிந்தால் மணி எல்லாம் சொல்லியாக வேண்டும். அப்படிப்பட்ட ஆபீசுகளுக்குள் உலகத்திலேயே கெட்டிக்கார ஆபீசு என்று பெயர் எடுத்திருந்த ஒன்று, 1973-ம் வருஷம் அக்டோபர் 5-ம் தேதி வெள்ளிக்கிழமை, 'சாத்தியம் குறைவு' என்று எழுதிக் கொடுத்தது. மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு யுத்தம் வந்துவிட்டது.

இந்தக் கதையை முட்டாள்களின் கதை என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போவது சுலபம். கூர்ந்து பார்த்தால் அப்படிச் சிரிக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கதை 1967-ல் ஆரம்பிக்கிறது. அந்த வருஷம் ஜூன் மாதம் ஆறே நாளில் முடிந்த யுத்தத்தில் இஸ்ரேல், எகிப்தினிடமிருந்து ஸினாய் பாலைவனம் முழுவதையும், ஸிரியாவினிடமிருந்து கோலான் குன்றுகளையும் பிடித்துக்கொண்டது. சூயஸ் கால்வாய் இரண்டு தேசங்களுக்கும் நடுவே அகழிபோல் ஆயிற்று. மேற்குக் கரையில் எகிப்தியர், கிழக்குக் கரையில் இஸ்ரேலியர். கிழக்குக் கரை நெடுக மணலைக் குவித்து, சில இடங்களில் அறுபது எழுபது அடி உயரத்துக்கு, கரை எழுப்பினார்கள். அதற்குப் பின்னால் சிறு சிறு கோட்டைகள். தளபதி பார்-லெவ் என்பவரின் பெயரால் அதைப் 'பார்-லெவ் வரிசை' என்று சொல்வார்கள்.

ஆனால் கோட்டைக்குள் இருந்த சிப்பாய்கள் சொற்பம். இதிலேதான் விஷயம் இருக்கிறது. இஸ்ரேல் சின்னத் தேசம். வருஷம் முழுவதும் பெரிய சைன்யத்துக்குச் சோறு போட அதனால் முடியாது. கடைக்காரரும் வாத்தியாரும் டாக்ஸி டிரைவரும் பயிற்சி பெற்று வீட்டில் இருப்பார்கள். கூப்பிட்டால் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வருவார்கள். அவர்களைக் கூட்டிச் சேர்த்து முன்னணிக்குக் கொண்டு போக இரண்டு நாளாவது வேண்டும். ஆகையால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன்னால் யுத்தம் வருகிறது என்று ஒருவர் சொல்லியாக வேண்டும். சொல்வதாக ராணுவ உளவு இலாகா வாக்குக் கொடுத்திருந்தது. மணல் கரையும் கோட்டைகளும் கண்ணுக்குத் தெரிந்த அரண். அந்தத் தேசத்தின் உண்மையான அரண் இந்த வாக்குத்தான்.

இலாகாவின் தலைவர் மேஜர் ஜெனரல் எலி ஸெய்ரா. அபாரமான மூளை உள்ளவர் என்று அவருடைய விரோதிகளும் ஒப்புக்கொள்வார்கள். தமக்குத் தெரிந்ததில் சந்தேகமே இல்லாதவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். அவருக்கும் அவருடைய உதவியாளர்களுக்கும் ஒரு சித்தாந்தம் இருந்தது. இஸ்ரேலின் விமானத் தளங்களைத் தூரத்திலிருந்து தாக்கக்கூடிய குண்டு விமானங்களோ ஏவுகணைகளோ கிடைக்கிறவரையில் எகிப்து யுத்தம் தொடங்காது. எகிப்து இல்லாமல் ஸிரியா தனியாகத் தொடங்காது. சித்தாந்தம் அவ்வளவுதான்.

இது வெறும் ஊகம் அல்ல. எகிப்தின் உள்வீட்டிலிருந்தே வந்த சரக்கு. காலஞ்சென்ற ஜனாதிபதி நாஸரின் சொந்த மாப்பிள்ளை, அஷ்ரப் மார்வான், 1970-ல் லண்டனில் இஸ்ரேல் தூதராலயத்தோடு தாமாகவே தொடர்பு கொண்டு ரகசியங்களைக் கொடுக்க முன்வந்தார். நானோ என்னைப் போன்ற இன்னொருவரோ நாவலில் இப்படி எழுதியிருந்தால், 'நம்பும்படியாக இல்லை' என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார். எகிப்து ராணுவத்தின் அந்தரங்க தஸ்தாவேஜுகள் அவர் மூலம் வந்தன. நாஸருக்குப் பின்னால் ஜனாதிபதியான அன்வர் சாதத் சோவியத் ரஷ்யாவிடம் நீண்ட தூர ஆயுதங்களைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனதும், அவை இல்லாமல் யுத்தம் செய்ய முடியாது என்று எண்ணியதும் மெய்யான சங்கதிகள். சித்தாந்தம் சரியாகத்தான் இருந்தது, 1972 அக்டோபர் வரையில்.

அந்த மாதக் கடைசியில் சாதத் தம் தளபதிகளைக் கூட்டி, இருப்பதை வைத்துக்கொண்டே யுத்தம் தொடங்கவேண்டியதுதான் என்று சொன்னார். ஆட்சேபித்தவர்களில் யுத்த மந்திரியும் ஒருவர். சில நாளில் அவர் வீட்டுக்குப் போனார். புதுத் திட்டம் அடக்கமானது. ஸினாய் முழுவதையும் மீட்கிற உத்தேசம் கிடையாது. கால்வாயைத் தாண்டி, விமான எதிர்ப்பு ஏவுகணைகளின் குடை நிழல் எட்டுகிற வரையில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னேறி உட்கார்ந்துகொள்வது. அப்படி உட்கார்ந்துவிட்டால் வல்லரசுகள் பதறிக்கொண்டு வந்து சமாதானம் பேசியாக வேண்டும் அல்லவா?

இஸ்ரேலியர் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, 'ஜயிக்க முடியாத யுத்தத்தை ஒருவன் தொடங்குவானா?' என்பது. சாதத் வேறு கணக்குப் போட்டார். அவர் ஜயிக்க வேண்டியதில்லை. தோற்காமல் ஒரு கீற்றுப் பூமியில் நின்றால் போதும். கேள்வி மாறிவிட்டது என்பதை இலாகா கவனிக்கவில்லை. பழைய கேள்விக்குச் சரியான விடையை வைத்துக்கொண்டு அது காத்திருந்தது.

இனி மே மாதத்துக் கதை. என் அபிப்பிராயத்தில் அக்டோபரின் விதி மே மாதத்திலேயே எழுதப்பட்டுவிட்டது.

1973 வசந்த காலத்தில் எகிப்து படை நடமாட்டங்களை அதிகப்படுத்தியது. மே மாதம் யுத்தம் என்று தகவல்கள் வந்தன. ஸெய்ரா, 'சாத்தியம் குறைவு' என்றார். சேனாதிபதி டேவிட் எலாஸார் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஆபத்து சிறிதானாலும் பலன் பெரிது என்று நினைத்து, படைகளை உஷார்ப்படுத்தினார், ஒரு பகுதி ஆட்களைக் கூப்பிட்டார், தளவாடங்களை முன்னுக்கு நகர்த்தினார். 'நீலம்-வெள்ளை' என்பது அந்த ஏற்பாட்டின் பெயர். கோடிக்கணக்கில் பணம் செலவாயிற்று. மே கழிந்தது, ஜூன் கழிந்தது. யுத்தம் வரவில்லை. ஆகஸ்டில் எல்லாரும் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

யார் சொன்னது பலித்தது? ஸெய்ரா சொன்னது. அந்த ஆபீசில் அன்றைக்கு அவர் தலை எவ்வளவு நிமிர்ந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். எலாஸாரைப் பார்த்தவர்களுக்கு, ஒன்றுமில்லாததற்குப் பயந்து பொக்கிஷத்தைக் கரைத்தவர் என்று தோன்றியிருக்கும்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். யுத்தம் ஏன் வரவில்லை? மே மாதம் தொடங்கும் எண்ணமே தமக்கு இருக்கவில்லை, அது ஏமாற்று வேலை என்று சாதத் பிற்காலத்தில் எழுதினார். ஸிரியா தயாராக இல்லாததால் ஒத்திப் போட்டார்கள் என்று சொல்லுகிறவர்களும் உண்டு. இஸ்ரேல் விழித்துக்கொண்டதைப் பார்த்து எதிரி பின்வாங்கியிருக்கவும் கூடும். இந்த மூன்றில் எது உண்மையானாலும் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒரே மாதிரிதான் தெரியும்: யுத்தம் வரவில்லை. எச்சரித்தவன் பேச்சைக் கேட்டு ஏற்பாடு செய்ததனாலேயே ஆபத்து விலகினால், எச்சரித்தவன் பொய்யனாகிறான். சும்மா இருக்கலாம் என்றவன் தீர்க்கதரிசி ஆகிறான். மழைக்கு இந்தச் சங்கடம் கிடையாது. நாம் குடை எடுத்துக்கொண்டு போகிறோம் என்பதற்காக மேகம் மனசை மாற்றிக்கொள்வதில்லை. எதிரியோ நம்முடைய பஞ்சாங்கத்தையும் சேர்த்துப் படிக்கிறவன்.

எகிப்தியர் நன்றாகவே படித்தார்கள். அந்த வருஷம் திரும்பத் திரும்ப ஒத்திகை நடத்தினார்கள். ஆட்களைக் கூப்பிடுவதும், கலைத்து அனுப்புவதும், மறுபடி கூப்பிடுவதுமாக இருபது தடவைக்கு மேல். முதல் தடவை எதிர்க்கரைக்காரன் பதறுவான். பத்தாவது தடவை கொட்டாவி விடுவான். அக்டோபர் ஒத்திகைக்கு 'தஹ்ரீர் 41' என்று பெயர் வைத்தார்கள். 'தஹ்ரீர்' என்றால் விடுதலை. அக்டோபர் 4-ம் தேதி கொஞ்சம் ஆட்களைக் கலைத்து அனுப்பியதாகவும் செய்தி விட்டார்கள். ராணுவ அதிகாரிகள் மெக்கா யாத்திரைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பு வேறு! கால்வாய்க் கரையில் சிப்பாய்கள் மீன் பிடித்துக்கொண்டும் குளித்துக்கொண்டும் இருந்தார்கள். நிஜ யுத்தம் என்பது அந்தச் சிப்பாய்களில் பெரும்பாலோருக்கே ஆறாம் தேதி காலையில்தான் தெரியும்.

செப்டம்பர் 13-ம் தேதி ஸிரியாவுக்கு மேலே நடந்த விமானச் சண்டையில் இஸ்ரேல் ஒரு விமானத்தை இழந்து பன்னிரண்டு ஸிரிய விமானங்களை வீழ்த்தியது. அதற்குப் பிறகு கோலானில் ஸிரியப் படைகள் குவிந்தபோது, 'பயந்து போயிருக்கிறார்கள்' என்று விளக்கம் கிடைத்துவிட்டது. சித்தாந்தம் கெட்டியாக இருந்தால் எந்தச் செய்திக்கும் அதற்குள்ளே ஓர் இடம் அகப்பட்டுவிடும்.

செப்டம்பர் 25-ம் தேதி ராத்திரி ஜோர்டான் மன்னர் ஹுஸேன் ரகசியமாக டெல் அவிவ் பக்கத்தில் வந்து இறங்கினார். இரண்டு தேசங்களும் யுத்த நிலையில் இருந்த காலம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிரதம மந்திரி கோல்டா மேயரைச் சந்தித்து, ஸிரியப் படைகள் தாக்குதலுக்கு ஆயத்தமான நிலையில் நிற்கின்றன என்று சொன்னார். எகிப்து இல்லாமலா என்று கேட்டதற்கு, இரண்டும் சேர்ந்துதான் என்ற பொருள்படவே பதில் வந்தது. ஓர் அரசர் பகைவர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அதையும் ஆராய்ந்து, புதிதாக ஒன்றும் இல்லை என்று ஒதுக்கினார்கள்.

மூன்று நாள் கழித்து ஆஸ்திரியாவில் யூத அகதிகள் வந்த ரயிலில் துப்பாக்கிக்காரர்கள் ஏறிச் சிலரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அதன் விளைவாக அகதிகளின் தங்குமிடத்தை மூடுவதாக ஆஸ்திரியப் பிரதமர் வாக்குக் கொடுத்துவிட்டார். தேசமே அந்தப் பேச்சாக இருந்தது. அவரோடு வாதாட கோல்டா மேயர் வியன்னாவுக்குப் பறந்தார். அவர் அங்கே இருந்த நாட்களில் கால்வாய்க் கரையில் பீரங்கிகள் வந்துகொண்டிருந்தன.

அவற்றை எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஓர் இளைஞர் உண்டு. தென் பிராந்திய உளவுப் பிரிவில் லெப்டினென்ட் பின்யமின் ஸிமான்-டோவ். எந்தப் படை எங்கே நிற்கிறது என்று கணக்கெழுதுவது அவர் வேலை. அக்டோபர் 1-ம் தேதி, ஒத்திகை என்று சொல்வது திரை, திரைக்குப் பின்னால் இருப்பது யுத்தம் என்று ஓர் அறிக்கை எழுதினார். மூன்றாம் தேதி காரணங்களை விவரித்து இன்னொன்று எழுதினார். இவரிடம் நாஸரின் மாப்பிள்ளை கிடையாது, சித்தாந்தமும் கிடையாது. பாலத் தளவாடங்கள் வருவதையும், கண்ணி வெடிகள் அகற்றப்படுவதையும் வைத்துக்கொண்டு, ஒத்திகைக்கு இது அவசியமா என்று கேட்டார். அறிக்கை மேலதிகாரியின் மேஜையில் தங்கிவிட்டது. தலைமை ஆபீசு ஒத்திகை என்று தீர்மானித்த பிறகு, அதற்கு மாறாக ஒரு சின்ன உத்தியோகஸ்தன் எழுதியதை அனுப்புவானேன் என்று மேலதிகாரி நினைத்துவிட்டார். அவரைத் தனியாகக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆபீசில் வேலை பார்த்த நேயர்கள் எத்தனையோ பேர் இருப்பீர்கள். உங்கள் மேஜையில் அந்தக் காகிதம் வந்திருந்தால்?

நாலாம் தேதி விமானத்திலிருந்து எடுத்த படங்கள் வந்தன. கால்வாயின் மேற்குக் கரையில் அதுவரை காணாத அளவு பீரங்கிகள். அன்று இரவே இன்னொரு செய்தி. எகிப்திலும் ஸிரியாவிலும் இருந்த சோவியத் ஆலோசகர்களின் மனைவி மக்களை விமானம் வைத்து அவசரம் அவசரமாக ஊருக்கு அனுப்புகிறார்கள்! கோல்டா மேயரை இதுதான் உறுத்தியது. குழந்தை குட்டிகளை நடு ராத்திரியில் எழுப்பி மூட்டை கட்டி அனுப்புகிறவன், ஒத்திகைக்கா அனுப்புவான்? கேட்டார். சுற்றியிருந்தவர்கள் போர்க்களத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். அவர்கள் சமாதானம் சொன்னதும் பேசாமல் இருந்துவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை தம் உள்மனசு சொன்னதைக் கேட்டுப் படைகளைக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்றும், அந்தப் பாரம் ஆயுள் உள்ளவரை தம்மை விடாது என்றும் தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் எழுதியிருக்கிறார்.

ஐந்தாம் தேதி அறிக்கை ஒரு விசித்திரமான பத்திரம். எகிப்தியப் படை எங்கே எப்படி நிற்கிறது, பயமுறுத்தக்கூடிய அடையாளங்கள் என்னென்ன என்று ஒன்றுவிடாமல், நாணயமாக, பல பாராக்களில் அடுக்கியிருக்கிறது. கடைசிக்கு வருகிறபோது, எகிப்தியரின் எண்ணத்தில் மாறுதல் இல்லை என்றும், யுத்தத்துக்குச் சாத்தியம் குறைவு என்றும் முடிகிறது. கண் பார்த்ததைக் கை எழுதியிருக்கிறது. முடிவை மட்டும் போன வருஷத்து மூளை எழுதியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எகிப்தியரின் தந்திப் போக்குவரத்தை ஒட்டுக் கேட்க, மிகுந்த சிரமத்தின்பேரில் பதித்து வைத்த ரகசியக் கருவிகள் இருந்தன. இம்மாதிரி வேளைக்கென்றே வைத்தவை. அவை வேலை செய்கின்றன, அவற்றிலும் யுத்தச் சமாசாரம் ஏதும் வரவில்லை என்று எலாஸாரும் தயானும் எண்ணித் தைரியமாக இருந்தார்கள். உண்மையில் ஸெய்ரா அவற்றை முடுக்கவே இல்லை. கருவிகள் அகப்பட்டுக்கொண்டுவிடும் என்ற பயம். யுத்தம் வராது என்று நிச்சயமாக இருக்கும்போது அவற்றைப் பணயம் வைப்பானேன் என்ற எண்ணம் வேறு. அவருடைய குற்றங்களுக்குள் எனக்கு மன்னிக்க முடியாததாகத் தோன்றுவது இதுதான். தவறாக ஊகிப்பது மனித சுபாவம். தம் ஊகத்தைச் சோதிக்கக்கூடிய ஒரே கருவியை மூடி வைத்துவிட்டு, திறந்திருப்பதாக மற்றவர்களை நம்பவிட்டது வேறு விஷயம்.

அன்று ராத்திரி லண்டனில், மொஸாத் தலைவர் ஸ்வி ஸமீரே நேரில் போய் மார்வானைச் சந்தித்தார். நாளைக்கு யுத்தம் என்றார் மார்வான். விடிவதற்கு முன்பே டெல் அவிவில் டெலிபோன்கள் மணியடித்தன. நாற்பத்தெட்டு மணி நேரம் என்ற வாக்கு இப்போது சில மணி நேரமாகச் சுருங்கியிருந்தது. அந்தச் சில மணியிலும் ஒரு கோளாறு. தாக்குதல் சாயங்காலம் என்று எண்ணி, ஆறு மணிக்கு எல்லாரும் தயாராக ஏற்பாடு செய்தார்கள். மேற்கிலிருந்து தாக்குகிற எகிப்தியருக்குச் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும் மாலை வேளை வேண்டியிருந்தது. கிழக்கிலிருந்து தாக்குகிற ஸிரியருக்கு விடியற்காலை வேண்டும். இருவரும் பேரம் பேசிப் பிற்பகல் இரண்டு மணி என்று மூன்று நாள் முன்னால்தான் முடிவு செய்திருந்தார்கள்.

அன்று யூதர்களுக்கு யோம் கிப்பூர், வருஷத்திலேயே மகா புனிதமான உபவாச தினம். முஸ்லிம்களுக்கு ரம்ஜான் நோன்பின் பத்தாம் நாள். காலையில் எலாஸார், முந்திக்கொண்டு விமானத்தால் தாக்கவேண்டும், ஆட்களைப் பெருவாரியாகக் கூப்பிடவேண்டும் என்றார். பாதுகாப்பு மந்திரி மோஷே தயான் கொஞ்சம் பேர் போதும் என்றார். கோல்டா மேயர் ஆட்களைக் கூப்பிடச் சம்மதித்தார். முந்தித் தாக்க மறுத்தார். தொடங்கியது நீங்கள்தான் என்று பேர் வந்துவிட்டால் அமெரிக்க உதவி நின்றுவிடும் என்ற கவலை. மந்திரி சபை உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே சங்கு ஊதிற்று.

போர்க்களத்தை நான் விவரிக்கப் போவதில்லை. கால்வாய்க் கோட்டைகளில் இருந்தவர்கள் சுமார் 450 பேர். எதிர்க்கரையிலிருந்து முதல் அலையில் ஓடங்களில் வந்தவர்கள் மட்டும் 8,000. கோலானில் ஸிரியாவின் ஏறக்குறைய 1,400 டாங்கிகளுக்கு எதிரே 180-க்கும் குறைவு. அந்த மணல் கரை என்னவாயிற்று? அஸ்வான் அணை கட்டும்போது தண்ணீரைப் பீய்ச்சி மணலைக் கரைத்த அநுபவமுள்ள ஓர் எகிப்திய எஞ்சினீயர் அதிகாரி சொன்ன யோசனைப்படி, பம்புகளை ஓடத்தில் ஏற்றிக் கால்வாய்த் தண்ணீரையே பீய்ச்சியடித்தார்கள். சில மணி நேரத்தில் கரை சேறாகக் கரைந்து வழி விட்டது.

மூன்று வாரத்துக்குள் இஸ்ரேல் சமாளித்துக்கொண்டு கால்வாயின் மறு கரைக்கே போய்விட்டது. ஆனால் அதற்குள் 2,600 பேருக்கு மேல் மாண்டிருந்தார்கள். எகிப்திலும் ஸிரியாவிலும் மாண்டவர்கள் அதைப் போல் பல மடங்கு. சாதத் போட்ட கணக்கும் ஒருவகையில் பலித்தது. 1977-ல் அவரே ஜெருசலேமுக்குப் போனார், 1979-ல் உடன்படிக்கை, ஸினாய் திரும்பி வந்தது. 1981 அக்டோபர் 6-ம் தேதி, கால்வாயைத் தாண்டிய நாளின் அணிவகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அணிவகுப்பில் வந்த லாரியிலிருந்தே சிப்பாய்கள் குதித்து ஓடிவந்து அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மார்வான் 2007-ல் லண்டனில் தம் வீட்டு மாடியிலிருந்து விழுந்து இறந்தார். தள்ளப்பட்டாரா, விழுந்தாரா என்று தீர்ப்பாகவில்லை. இரண்டு தேசங்களும் அவரைத் தங்கள் ஆள் என்றே சொல்லுகின்றன.

இஸ்ரேலில் தலைமை நீதிபதி அக்ரனாட் தலைமையில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. 1974 ஏப்ரலில் வந்த அதன் முதல் அறிக்கை எலாஸாரையும் ஸெய்ராவையும் நீக்கச் சொன்னது. மே மாதம் சரியாகச் செய்தவருக்கும் மே மாதம் சரியாகச் சொன்னவருக்கும் ஒரே தண்டனை. எலாஸார் இரண்டே வருஷத்தில், ஐம்பதாம் வயதில், மாரடைப்பால் இறந்துபோனார். கோல்டா மேயரும் அதே ஏப்ரலில் ராஜிநாமாச் செய்தார்.

இலாகாவுக்குள் ஒரு புதுப் பிரிவும் ஏற்படுத்தினார்கள். எல்லாரும் ஒப்புக்கொண்ட முடிவுக்கு நேர் எதிராக வாதாடுவதே அதன் வேலை. நம்முடைய தர்க்க சாஸ்திரக்காரர்கள் பூர்வபக்ஷம் என்று வைத்துக்கொண்டு செய்த காரியம்தான். அந்தப் பிரிவு இருந்தும், ஐம்பது வருஷமும் ஒரு நாளும் கழித்து, 2023 அக்டோபர் 7-ம் தேதி, காஸாவின் எல்லையில் அதே இலாகா மறுபடி ஏமாந்தது. அந்தத் தடவையும் கீழே இருந்தவர்கள் சிலர் எழுதியது மேலே போய் எடுபடவில்லை.

ஸிமான்-டோவின் இரண்டு அறிக்கைகளும் கமிஷன் விசாரணையில் வெளியே வந்தன. அவருக்கு ஒரு படி உயர்வு கொடுத்தார்கள். லெப்டினென்டாக இருந்தவர் காப்டன் ஆனார்.